உத்தரமேரூர்ச் சாசனமும் உள்ளத்தமைதியும்

உள்ளத்தமைதியை நாடுவார் பலர். அது கானகத்தும் குகையகத்துமே கிட்டுமென்றும், ஊரார் நடுவே ஒரு பொறுப்பை ஏற்று நிற்பார்க்கு வாயாதென்றும் கருதுவாரும் உளர். அக்கருத்துப் பொருந்தாதென்பதற்குத் தொண்டைநாட்டிலே, காஞ்சிமாநகர்க்குத் தென்பாலுள்ள உத்தரமேரூரின் பழஞ்சாசனங்கள் இரண்டு சான்றாய் நிற்கின்றன.

தில்லைப் பொன்னம்பலத்தைப் பொன்வேய்ந்த முதற் பராந்தக சோழரது ஆட்சியின் 12-ஆம் ஆண்டிலும் 14-ஆம் ஆண்டிலும், அஃதாவது கி.பி. 919, 921-ஆம் ஆண்டுகளில், இவ்வூர் மகாசபையார் செய்த வியவஸ்தைகள் வைகுண்டப்பெருமாள் கோயிற் சுவரிலே வெட்டப்பெற்றுள்ளன. ஊர் 30 குடும்புகளாகப் பகுக்கப்பட்டிருந்தது. சம்வற்சர வாரியத்துக்கு 12 பேரும், தோட்ட வாரியத்துக்கு 12 பேரும், ஏரி வாரியத்துக்கு 6 பேரும் குடவோலையாற் கொள்ளப்பட்டனர்.

வாரியஞ் செய்வார்க்கு இரண்டாஞ் சாசனம் விதித்த தகுதிகள் நுணுகி நோக்கத்தக்கன. கால்வேலிக்கு மேற்பட்ட இறைநிலமும், தன் மனையிற் கட்டிய வீடும், வேதப்பயிற்சியும் வேண்டும். வயது 35-க்கு மேலும் 70-க்கு உட்பட்டும் இருத்தல் வேண்டும். இவற்றோடு பொருளீட்டும் நெறியிலே தூய்மையும், அகத்திலே தூய்மையும் உடையராதல் வேண்டும். சென்ற மூவாண்டினுள் வாரியஞ் செய்தவர் ஆகார். முன்னர் வாரியஞ் செய்து கணக்குக் காட்டாதிருந்தவரோ, தாமும் தம் நெருங்கிய உறவினரும் குடவோலைக்குப் புறம்பாவர்.

ஓலையெடுக்கும் முறையும் அத்தகையதே. குடத்தை யாவருங் காணத் தூக்கிக் காட்டுவர். உள்ளிருப்பது இன்னதென்று அறியாத சிறுவன் ஒருவன் ஓலையை எடுப்பான். மத்தியஸ்தன் ஐந்து விரலும் அகல விரித்த உள்ளங்கையில் அதனை ஏற்று வாசிப்பான். மறைப்பதற்கு அங்கு இடனில்லை.

இவ்வூர் பிரமதேயமாதலின், நிலமும் கல்வியுமுடைய அந்தணர்க்கே இவ்வுரிமை இருந்தது. பெண்டிரும் ஏனைக் குலத்தாரும் இதனுட் சேர்க்கப்பட்டிலர். இக்குறை மறைக்கற்பாலதன்று. ஆயினும், அவ்விதிகள் உணர்த்தும் உண்மை எல்லார்க்கும் பொதுவாம்.

அவ்வுண்மை யாதெனின், காட்டப்படாத கணக்கே நெஞ்சின் பெருஞ்சுமை என்பதாம். பிறர் பொருளைக் கையாண்டு கணக்கொப்பியாதவன் வனத்திற் புக்காலும் அவனுடைய அச்சம் அவனுடனே புகும். தன் செயலை ஊரறிய விரித்துக் காட்டவல்லவனோ சந்தையின் நடுவிலும் அமைதியுற்றிருப்பான். மேலும், நெடுநாள் வகித்த பதவி 'எனது' என்னும் பற்றாய் முறுகும். அப்பற்றுக்கு மூலமாய் உயிரை மறைத்து நிற்பது ஆணவமலமென்று சைவசித்தாந்தம் கூறும். ஆண்டிறுதியிற் பதவியை இறக்கிவைத்து மூவாண்டு விலகிநிற்கச் செய்த விதி, ஊர்க்கு நீதி பயந்ததோடு, வகித்தார்க்கும் அப்பற்றைத் தளர்த்தும் மருந்தாய் அமைந்ததெனலாம்.

இத்தொண்டைநாட்டை ஆண்ட காடவர் குலத்து அரசராகிய ஐயடிகள் காடவர்கோன் நாயனார் வரலாறும் ஈண்டு நினைக்கத்தக்கது. அரசுரிமை இன்னலாமென உணர்ந்து அதனை மைந்தர்க்கு அளித்துச் சிவத்தலங்கள்தோறுஞ் சென்று வழிபட்டவர் அவர். பதினோராந் திருமுறையிலுள்ள க்ஷேத்திரத் திருவெண்பா அவர் அருளியது. சபையார் விதியால் இறக்கிவைத்ததனை அவர் அன்பினால் இறக்கிவைத்தார். விதியால் விடுதல் தொடக்கம். அன்பால் விடுதல் முடிபு.

ஆதலின், அமைதி வேண்டுவார் இடத்தை மாற்ற வேண்டுவதில்லை. நாள்தோறும் துயில்வதன்முன், அன்று ஈட்டியதும் ஈந்ததும், சொல்லியதும் மறைத்ததும் ஆகிய கணக்கை இறைவன் திருமுன்னர் ஒப்புவித்தலும், பிறர்க்குத் தரவேண்டியதை மறுநாளே தந்துவிடுதலும், ஏற்ற பொறுப்பை அவன் பணியென்று செய்து காலம் வந்துழி மகிழ்ந்து விடுதலுமே அதற்குரிய நெறியாம். கையை விரித்துக் காட்டவல்லார்க்கு அதனைக் குவித்துத் தொழுதலும் எளிதாம்.