வாய்த்துகிலும் முகக்கவசமும்: பழனி மலைச்சாரலிலிருந்து ஒரு வரலாற்றுப் பார்வை

பழனியிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறும் மலைப்பாதையைச் சார்ந்த சிற்றூர்களுள் ஒன்று வடகவுஞ்சி. திண்டுக்கல் மாவட்டம், கொடைக்கானல் வட்டத்திற்கு உட்பட்ட ஊராட்சி இது. காப்பியும் மிளகும் மலைவாழையும் விளையும் இச்சரிவுகளில், காற்றின் தூய்மையைப் பற்றி எவரும் ஐயுற்றதில்லை. அத்தகைய மலையூர்களிலும் 2020ஆம் ஆண்டில் மக்கள் மூக்கையும் வாயையும் துணியால் மூடி வெளியே வர நேர்ந்தது. ஒருவர் விடும் மூச்சு மற்றோர் உயிருக்கு ஊறு செய்யக்கூடும் என்னும் எண்ணம், படித்தவர், பாமரர் என்ற வேறுபாடின்றி அனைவர் உள்ளத்திலும் அப்போது குடிகொண்டது. சமண மரபில் வந்தவர்க்கு இவ்வெண்ணம் புதிதன்று. எனினும் எவ்வகையில் அது பழையது, எவ்வகையில் புதியது என்பதைத் தெளிந்து அறிதல் வேண்டும்.

நோய்க்கு அஞ்சி மலையேறிய காலமும், மலை அஞ்சிய காலமும்

பழனி மலைக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பு நெடியது. மதுரைச் சீமையில் பணியாற்றிய அமெரிக்க மதபோதகர்களின் குடும்பங்கள் சமவெளியின் காய்ச்சலுக்கும் பிற நோய்களுக்கும் பலரைப் பலிகொடுத்தன. அதனால் அவர்கள் குளிர்ந்த காற்றை நாடி மலையேறி, 1845இல் கொடைக்கானலில் முதல் இரு வீடுகளைக் கட்டினர். இன்றைய கொடைக்கானல் நகரின் தொடக்கம் அதுவே. நோயிலிருந்து தப்பிக்க மனிதன் தேடிச் சென்ற இடம் அம்மலை.

2020இல் நிலைமை தலைகீழாயிற்று. மார்ச் 25 முதல் நாடெங்கும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தது. கொடைக்கானலுக்குச் சுற்றுலாப் பயணிகளின் வரவு பல மாதங்கள் நின்றது. மாவட்டங்களுக்கிடையிலான பயணத்திற்கு இ-பாஸ் தேவையில்லை என்னும் தளர்வு செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த பின்னரும், கொடைக்கானல், நீலகிரி, ஏற்காடு ஆகிய மலைப்பகுதிகளுக்குச் செல்வோர்க்கு அது வேண்டியிருந்தது. சமவெளி மனிதனுக்கு அடைக்கலம் தந்த மலை, அவன் மூச்சுக்கு அஞ்சி வாயிலை அடைத்துக்கொண்டது.

அன்றாட வாழ்வில் ஒரு துண்டுத் துணி

தொடக்கத்தில் முகக்கவசம் கிடைப்பதே அரிதாக இருந்தது. வீட்டிலேயே துணியால் தைத்துக்கொள்ளலாம் என்று மத்திய நல்வாழ்வுத் துறை ஏப்ரல் மாதத் தொடக்கத்தில் அறிவுறுத்தியது. பழைய வேட்டியும் புடவையும் முகக்கவசங்களாயின. துண்டை முகத்தில் சுற்றிக்கொண்டோர் பலர். தமிழகமெங்கும் மகளிர் சுய உதவிக் குழுவினர் தையல் இயந்திரங்களின் முன் அமர்ந்து இலட்சக்கணக்கில் தைத்தளித்தனர். பின்னர் நியாயவிலைக் கடைகளின் வழியே, குடும்ப அட்டையிலுள்ள ஒவ்வொருவர்க்கும் துவைத்துப் பயன்படுத்தத்தக்க முகக்கவசம் இரண்டு வீதம் வழங்கும் திட்டத்தை அரசு கொண்டுவந்தது. பொது இடத்தில் அணியாதவர்க்கு 200 ரூபாய் அபராதம் என்றும் விதிக்கப்பட்டது. 2022 சனவரியில் அது 500 ரூபாயாக உயர்ந்தது.

அணிவது எளிதாக இல்லை. பனி மூடும் மலைப்பாதையில் மூக்குக்கண்ணாடி அணிந்தோர்க்கு மூச்சின் ஆவி படிந்து வழி மறைந்தது. சுமையுடன் மேடேறுவோர்க்கு மூச்சு முட்டியது. காதுமடல் நொந்தது. இதழசைவைப் பார்த்தே பேச்சை அறியும் செவித்திறன் குறைந்தோர் பெரிதும் துன்புற்றனர். வீட்டு விழாக்களில் உறவினரே உறவினரை அடையாளம் காணாது கடந்தனர். கண்ணாலேயே சிரிக்கவும் நலம் கேட்கவும் மக்கள் பழகிக்கொண்டனர். நாளடைவில், கதவோரத்து ஆணியில் சாவிக்கொத்துக்கு அருகே முகக்கவசமும் தொங்குவது வழக்கமாயிற்று.

யாரைக் காக்க?

இத்துன்பங்களை ஏற்க மக்களுக்குக் கூறப்பட்ட காரணம்தான் வரலாற்று நோக்கில் கருதத்தக்கது. முகக்கவசத்தின் மருத்துவ வரலாற்றில் இரு நோக்கங்கள் மாறி மாறி வந்துள்ளன. 1897இல் பிரெசுலாவு நகரில் அறுவை மருத்துவர் மிக்குலிச், மெல்லிய துணியால் வாயை மூடிக்கொண்டு அறுவை செய்யத் தொடங்கினார். பேசும்போது தெறிக்கும் நுண்துளிகளில் கிருமிகள் உள்ளன என்று அதே நகரின் அறிஞர் ஃபிளூகே கண்டறிந்ததே அதற்கு அடிப்படை. அங்கே துணி காத்தது மருத்துவரையன்று, நோயாளியை.

1910ஆம் ஆண்டின் இறுதியில் மஞ்சூரியாவில் நுரையீரல் பிளேக் பரவியபோது நோக்கம் மாறியது. தமிழர் பலர் வாழும் பினாங்கில் 1879இல் பிறந்த மருத்துவர் வூ லியன்-தே, பஞ்சையும் மெல்லிய துணியையும் அடுக்கிய முகக்கவசத்தை மருத்துவர்க்கும் பணியாளர்க்கும் பொதுமக்களுக்கும் பரிந்துரைத்தார். அதை ஏற்க மறுத்த பிரெஞ்சு மருத்துவர் மெஸ்னி சில நாட்களிலேயே நோயுற்று இறந்தார். ஏறத்தாழ 60,000 உயிர்களைக் கொண்ட அந்நோய் சில மாதங்களில் அடங்கியது. அங்கே துணி முதன்மையாகக் காத்தது அணிந்தவரை.

2020இல் இரு நோக்கங்களும் ஒன்று கலந்தன. நோயின் அறிகுறி தோன்றுமுன்னரே ஒருவர் அதைப் பரப்பக்கூடும் என்பது தெரியவந்தது. தாம் நோயற்றவர் என்று எவரும் உறுதிகூற இயலாத நிலையில், பிறர் பொருட்டு ஒவ்வொருவரும் வாயை மூடவேண்டியதாயிற்று. துணியாலான முகக்கவசம் அணிந்தவரைக் காப்பதைவிட, அவர் எதிரில் நிற்பவரையே மிகுதியாகக் காத்தது.

சமணத்தின் வாய்த்துகில்

இந்நாட்களில், முகக்கவசத்தை உலகிற்கு அளித்ததே சமணம் என்னும் பெருமிதப் பேச்சு பரவலாகக் கேட்டது. அதில் உண்மையும் உண்டு; மிகையும் உண்டு.

சுவேதாம்பர மரபின் துறவியர் முகவஸ்திரிகை எனப்படும் வாய்த்துகிலைக் கொண்டவர். திருவுருவ வழிபாடு கொண்ட பிரிவினர் அதைக் கையில் வைத்திருந்து பேசும்போது வாயருகே பிடிப்பர். ஸ்தானகவாசிகளும், 1760இல் ஆசாரிய பிட்சு தோற்றுவித்த தேராபந்தத்தாரும் அதை நூலால் காதில் மாட்டி எப்போதும் அணிந்திருப்பர். வெம்மையான மூச்சாலும் பேச்சாலும் காற்றுடல் கொண்ட ஓரறிவுயிர்கள் துன்புறலாகாது, பறக்கும் சிற்றுயிர் வாயில் புகுந்து மடியலாகாது என்பதே அதன் நோக்கம். பேச்சில் அடக்கம் வேண்டும் என்பதற்கும் அது நினைவூட்டல்.

ஆயின் அது நோய்த்தடுப்பு முறை அன்று. கிருமியைப் பற்றிய மருத்துவ அறிவு வளர்ந்தது 19ஆம் நூற்றாண்டில். வாய்த்துகில் அதற்கும் முந்திய அறநெறி. முன்னோர் மருத்துவம் கண்டனர் என்று கூறுவது அவர்களை உயர்த்துவதாகாது. தமக்கு எப்பயனும் கருதாமல், கண்ணுக்குப் புலனாகாத உயிரின் பொருட்டுத் தம் மூச்சைக் காத்தனர் என்பதே அவர்தம் பெருமை.

மேலும், தமிழ்ச் சமணர் திகம்பர மரபினர். திகம்பர முனிவர் வாய்த்துகில் அணிவதில்லை. அவர் கையில் இருப்பவை மயிற்பீலியும் கமண்டலமும் மட்டுமே. துணியின்றியே அந்நோன்பை அவர்கள் காக்கின்றனர். பார்த்து நடத்தல் இரியா சமிதி; அளந்து, பிறர்க்கு ஊறின்றிப் பேசுதல் பாஷா சமிதி. மழைக்காலத்தில் நிலமெங்கும் சிற்றுயிர் பெருகுவதால், ஊர்விட்டு ஊர் செல்லாது ஓரிடத்தில் தங்குவது சாதுர்மாசம். பிறவுயிர் பொருட்டுத் தன் நடமாட்டத்தை ஒடுக்கிக்கொள்ளுதல் என்பதன் பொருளை, ஊரடங்கின்போது தமிழ்ச் சமணக் குடும்பத்தார் எளிதில் உணர்ந்திருப்பர்.

இல்லறத்தாரின் நோன்பிலோ ஒரு துணி உண்டு. அது நீரை வடிகட்டும் துணி. குடத்தின் வாயில் துணியை மடித்துக் கட்டி நீரை வடிகட்டிய பின்னரே பருகுதல், சமணச் சிராவகர் வழிவழியாகக் கொண்ட ஒழுக்கம். நீரிலுள்ள சிற்றுயிரைக் காப்பதே இதன் நோக்கமும். ஆயின் வங்கதேசச் சிற்றூர்களில் ரீட்டா கால்வெல் குழுவினர் நடத்தி 2003இல் வெளியிட்ட ஆய்வு, பழைய புடவைத் துணியை மடித்து நீரை வடிகட்டிய ஊர்களில் காலரா ஏறத்தாழ பாதியாகக் குறைந்ததைக் காட்டியது. பிறவுயிரைக் காக்க எடுத்த துணி, எடுத்தவரையும் காத்தது.

ஐவர்மலையின் சான்று

வடகவுஞ்சி அமைந்த மலையிலிருந்து பழனிக்கு இறங்கி, கொழுமம் செல்லும் வழியில் மேற்கே சென்றால் பாப்பம்பட்டிக்கு அருகே ஐவர்மலை நிற்கிறது. இயற்கைக் குகைத்தளமும் பாறையில் செதுக்கிய தீர்த்தங்கரர் திருவுருவங்களும் கொண்ட தொன்மையான சமணத் தலம் அது. பாண்டியன் இரண்டாம் வரகுணனின் எட்டாம் ஆட்சியாண்டும் சக ஆண்டு 792உம், அதாவது கி.பி. 870உம், இணைந்து பொறிக்கப்பட்ட அங்குள்ள கல்வெட்டு, பாண்டியர் காலக்கணக்கை வரையறுக்க உதவிய புகழ்பெற்ற சான்று. குணவீரக்குரவடிகளின் மாணாக்கர் சாந்திவீரக்குரவர், திருவயிரை என்னும் அத்தலத்தில் பார்சுவநாதர் திருவுருவையும் இயக்கியர் திருவுருவையும் புதுப்பித்து, முட்டாத திருவமுதுக்கும் ஓர் அடிகளின் உணவுக்குமாக 505 காணம் பொன் அளித்ததை அது கூறுகிறது.

குகையில் தனித்திருந்த துறவியின் சோற்றை ஊரார் மறவாதிருக்க வழிசெய்த ஏற்பாடு அது. பெருந்தொற்றில் தனிமைப்படுத்தப்பட்டோரின் வாயிலில் உணவு வைத்துச் சென்ற அண்டை வீட்டாரும், அறியாமலே அதே அறத்தைச் செய்தனர். விலகியிருத்தலும் பேணுதலும் ஒன்றுக்கொன்று முரணல்ல.

எறியும்போதும் அறம்

2020இல் மகாவீரர் ஜெயந்தி ஏப்ரல் 6 அன்று, ஊரடங்கின் நடுவே வந்தது. 2021இல் ஏப்ரல் 25, ஞாயிற்றுக்கிழமை. இரண்டாம் அலையில் தமிழகம் அறிவித்த முழு ஊரடங்கு ஞாயிறுகளில் அதுவே முதலாவது. இரண்டு ஆண்டுகளும் தேர்வீதி உலாவின்றி, இல்லத்தளவில் அருகன் வழிபாடு நிகழ்ந்தது. 2023 மே மாதத்தில், உலக அளவிலான நோய் அவசரநிலை முடிந்தது என்று உலக நல்வாழ்வு நிறுவனம் அறிவித்தது. முகக்கவசம் ஆணியிலிருந்து இறங்கியது.

ஆயின் ஒரு கடன் எஞ்சியிருக்கிறது. ஒருமுறை அணிந்து எறியும் முகக்கவசங்கள் பாலிபுரொப்பிலீன் என்னும் நெகிழி இழையால் ஆனவை. மண்ணில் எளிதில் மக்காதவை. அவற்றின் காதுநாடாவில் பறவைகளின் கால்கள் சிக்கிக்கொண்ட செய்திகள் பல நாடுகளிலிருந்து வந்தன. ஓர் உயிரைக் காக்க அணிந்தது மற்றோர் உயிருக்குக் கண்ணியாயிற்று. ஐந்து சமிதிகளுள் இறுதியானதாகிய உத்சர்க்க சமிதி, கழிப்பதையும் உயிரில்லா இடம் பார்த்துக் கழிக்கவேண்டும் என்கிறது. அணிந்தபோது அறம் கருதியவர், எறியும்போதும் அதைக் கருதியிருக்க வேண்டும்.

அச்சத்தால் அணிந்த துணி, அச்சம் நீங்கியதும் கழன்றுவிடும். அருளால் காக்கும் மூச்சுக்கு அவ்வாறு ஒரு முடிவு நாள் இல்லை. சளியும் இருமலும் உற்ற நாளில் முதியோர் முன்னும் குழந்தைகள் முன்னும் வாயை மூடிக்கொள்வது, நீரை வடிகட்டிப் பருகுவது, சுடுசொல்லை நாவிலேயே நிறுத்திக்கொள்வது ஆகிய மூன்றும் ஒரே நோன்பின் மூன்று முகங்கள். பெருந்தொற்று உலகினர்க்கு முதலாவதைக் கற்பித்துச் சென்றது. மற்ற இரண்டையும் இல்லந்தோறும் காத்துவந்த தமிழ்ச் சமணர், அவற்றைத் தம் மக்களுக்கு எடுத்துரைக்கும் பொறுப்புடையர்.