தண்ணீரைத் தொடாத போர்க்கப்பல்

ஒரு பக்கம் நயாகரா அருவி, மறுபக்கம் செயின்ட் லாரன்ஸ் ஆற்றின் பாறைச் சுழல்கள். அன்றைக்குக் கடலில் ஓடிய எந்தப் போர்க்கப்பலும் ஒன்டாரியோ ஏரிக்குள் நுழைய வழியில்லை. ஏரியில் சண்டை போட வேண்டுமென்றால் கரையிலேயே மரம் வெட்டிக் கப்பல் கட்ட வேண்டும். 1812 ஜூனில் பிரிட்டன் மீது அமெரிக்கா போர் தொடுத்தபோது, இந்த வேலைக்கு வாய்த்த ஊர் சாக்கெட்ஸ் ஹார்பர்.

நியூயார்க் மாநிலத்தின் வடக்கு ஓரத்தில், அகஸ்டஸ் சாக்கெட் என்ற நில வியாபாரி உண்டாக்கிய சிறு கிராமம் அது. காற்றுக்கு ஒதுக்கமான, ஆழமான துறை. ஏரிக்கு அக்கரையில், பாய் விரித்தால் ஒரே பகலில் எட்டிவிடும் தூரத்தில் பிரிட்டிஷ் தளமான கிங்ஸ்டன்.

அந்த இலையுதிர் காலத்தில் அமெரிக்க ஏரிப்படைத் தளபதியாகப் பொறுப்பேற்றார் ஐசக் சான்சி. நியூயார்க் நகரிலிருந்து தச்சர்களும், கப்பல் கட்டுவதில் கைதேர்ந்த ஹென்றி எக்ஃபோர்டும் வந்து சேர்ந்தார்கள். அதுவரை காடாக நின்ற மரங்கள் நவம்பர் 26 அன்று ‘மேடிசன்’ போர்க்கப்பலாக வெள்ளோட்டம் கண்டன.

1813 மே மாதம் சான்சியின் கப்பல்கள் ஏரியின் மேற்குக் கோடிக்குப் போயிருந்த சமயம் பார்த்து, 29-ஆம் தேதி பிரிட்டிஷ் படை ஊருக்கு அருகே கரையிறங்கியது. ஊர் விழுந்துவிட்டது என்று தவறாக எண்ணிய அமெரிக்க அதிகாரிகள் தங்கள் கிடங்குக்குத் தாங்களே தீ வைத்தார்கள். ஜேக்கப் பிரவுன் தலைமையில் எதிரி விரட்டப்பட்டபோது சரக்கெல்லாம் சாம்பல். பாதி கட்டியிருந்த ‘ஜெனரல் பைக்’ கப்பல் மட்டும் பிழைத்தது. பச்சை மரத்தில் தீ சரியாகப் பற்றவில்லை!

அதன்பிறகு நடந்ததெல்லாம் தச்சர்களின் போர். பெரிய கப்பலை முதலில் இறக்கியவர் ஏரியை ஆள்வார். மற்றவர் துறைக்குள் முடங்குவார். தோற்றால் ஏரி மொத்தமும் கைவிட்டுப் போகும் என்பதால் சான்சியும் சரி, பிரிட்டிஷ் தளபதி ஜேம்ஸ் யோவும் சரி, முடிவான மோதலுக்குத் துணியவில்லை.

மரம் ஊரிலேயே கிடைத்தது. பீரங்கியும் கயிறும் ஹட்சன், மொஹாக் ஆறுகள் வழியாக ஓஸ்வீகோவுக்கு வந்து, அங்கிருந்து ஏரிக்கரையோரமாக வர வேண்டும். 1814 மே மாதம் சான்சியின் புதிய ‘சுப்பீரியர்’ கப்பலுக்கான சரக்கோடு வந்த படகுகளை பிரிட்டிஷார் துரத்தினார்கள். படகுகள் பிக் சாண்டி ஓடைக்குள் ஒதுங்கின. அங்கே பதுங்கியிருந்த துப்பாக்கி வீரர்களும் ஒனைடா பழங்குடியினரும், துரத்தி வந்தவர்களைச் சில நிமிடங்களில் மடக்கிவிட்டனர். பீரங்கிகள் வண்டியேறின. நங்கூர வடம்தான் சிக்கல். எடை 4 டன்னுக்கும் மேல். எந்த வண்டியும் தாங்காது. தேர் வடம் பிடிப்பதுபோல் ஆட்கள் வரிசையாக நின்று அதைத் தோளில் ஏற்றினார்கள். உரசல் தாங்காமல் தோளுக்கு வைக்கோல் திண்டு வைத்துக்கொண்டு, ஏறக்குறைய 30 கிலோமீட்டர் நடந்தே ஊர் சேர்த்தார்கள்.

‘சுப்பீரியர்’ ஏரிக்குள் போனதும் கிங்ஸ்டன் முற்றுகைக்குள்ளானது. ஆனால் செப்டம்பரில் யோ இறக்கிய ‘செயின்ட் லாரன்ஸ்’, டிரஃபால்கரில் நெல்சன் ஏறிச் சென்ற ‘விக்டரி’யைவிடப் பெரியது, 100-க்கும் மேற்பட்ட பீரங்கிகள். அது வெளியே வந்ததும் சான்சி துறைக்குத் திரும்பினார். பதிலுக்கு எக்ஃபோர்ட் ‘நியூ ஆர்லியன்ஸ்’ என்ற ராட்சதக் கப்பலைக் கட்டத் தொடங்கினார். சமாதான உடன்படிக்கையோ 1814 டிசம்பர் 24 அன்றே ஐரோப்பாவில் கையெழுத்தாகியிருந்தது. செய்தி அட்லாண்டிக்கைக் கடந்து வரும்வரை இங்கே உளிச்சத்தம் ஓயவில்லை.

1817-இல் ரஷ்–பாகட் ஒப்பந்தம் வந்தது. ஒன்டாரியோ ஏரியில் ஆளுக்கு ஒரு கப்பல். 100 டன்னுக்கு மேல் கூடாது. பீரங்கி ஒன்றே ஒன்று. ‘நியூ ஆர்லியன்ஸ்’ கூரைக்கு அடியில் கரையிலேயே நின்று, 1880-களில் மரத்துக்காக விற்கப்பட்டது. இரு தரப்பும் கோடரியைக் கீழே வைத்த பிறகுதான் அந்த ஏரியில் பந்தயம் முடிந்தது.

ஈரி ஏரியில் கதை வேறு. அங்கே மோதல் நடந்தது. ஆனால் அதற்குமுன் அமெரிக்கத் தளபதி ஆலிவர் பெரி தன் கப்பல்களை ஒரு மணல்திட்டின்மேல் தூக்கிக் கடத்த வேண்டியிருந்தது. எப்படித் தூக்கினார்? அடுத்த வாரம்.

(தொடரும்)