ஆயிரம் மைலுக்கு ஒருமுறை கிரீஸ்

இன்று கார் ஓட்டுபவர்களில் பலர் பொனட்டைத் திறந்து பார்த்து மாதக்கணக்காகிறது. சோம்பல் மட்டும் காரணமில்லை. கார் நம்மிடம் கேட்கும் வேலை நூறு வருடங்களில் அவ்வளவு குறைந்துவிட்டது. அது எப்படிக் குறைந்தது, குறையாமல் மிச்சமிருப்பது எது என்று இன்று எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாக வாசியுங்கள்.

1908இல் ஹென்றி ஃபோர்டின் கொம்பனி மொடல் டி காரை வெளியிட்டது. 1927 வரை ஒன்றரைக் கோடிக்கும் மேல் செய்தார்கள். அந்தக் காரில் ஒயில் அளவு பார்க்கும் கம்பி கிடையாது. எஞ்சினுக்கு அடியில், பின்பக்கமாக, ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரண்டு சின்னத் திருகுகள் இருந்தன. சாரதி காருக்கு அடியில் கையை விட்டுத் திறந்து பார்க்க வேண்டும். கீழ்த் திருகில் ஒயில் வராவிட்டால் எஞ்சினுக்கு ஆபத்து. மேல் திருகிலும் வடிந்தால் அளவு கூடிவிட்டது.

ஒயிலைச் சுத்தம் செய்யும் ஃபில்டரும் அதில் இல்லை. தூசும் கரியும் உலோகத் தூளும் ஒயிலோடு சேர்ந்தே சுற்றின. அதனால்தான் சுமார் 750 மைலுக்கு ஒருமுறை, அதாவது 1,200 கிலோமீற்றருக்கு ஒருமுறை, பழைய ஒயிலை வடித்துவிடும்படி ஃபோர்டின் கைநூல் சொன்னது.

இந்தச் சுமையைக் குறைத்தவை சில கண்டுபிடிப்புகள். அமெரிக்க வாகனப் பொறியியலாளர் சங்கம் ஒயிலின் தடிப்புக்கு இலக்கம் கொடுக்கத் தொடங்கியது. இன்று ஒயில் போத்தலில் நாம் பார்க்கும் இலக்கங்களின் ஆரம்பம் அதுதான். (10டபிள்யூ-30 என்பதில் வரும் ‘டபிள்யூ’ குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து. குளிரில் ஒயில் எப்படி ஓடும் என்பதை அது சொல்கிறது.) 1920களில் ஏர்னஸ்ட் சுவீட்லன்ட் என்பவர் ஒயில் ஃபில்டரை உருவாக்க, 1924இல் வந்த கிரைஸ்லர் காரில் அது பொருத்தப்பட்டது. பிறகு அழுக்கைக் கழுவித் தன்னுள் தாங்கிக்கொள்ளும் இரசாயனங்களை ஒயிலில் கலந்தார்கள். ஒயில் கறுத்தவுடன் “கெட்டுப்போச்சு” என்கிறோம். பல நேரம் அது தன் வேலையைச் செய்கிறது என்பதற்கான அடையாளம்தான் அந்தக் கறுப்பு.

இனி நமது நாட்டுக்கு வருவோம்.

இலங்கையர் மனதில் இடம்பிடித்த கார் என்றால் மொரிஸ் மைனர்தான். 1948இல் இங்கிலாந்தில் அறிமுகமானது. வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். எளிமையான கார், ஆனால் கவனிப்பு கேட்கும் கார். முன் சக்கரங்களைத் தாங்கும் திருகாணி மூட்டுகளுக்குச் சுமார் ஆயிரம் மைலுக்கு ஒருமுறை கிரீஸ் அடிக்க வேண்டும். அடிக்காமல் விட்டால் புரி தேய்ந்து மூட்டு கழன்று, ஒரு நாள் முன் சக்கரம் அப்படியே மடிந்துவிடும். அந்தக் காரை வைத்திருந்தவர்களுக்கு கிரீஸ் அடிப்பது உயிரோடு சம்பந்தப்பட்ட வேலை.

1960களில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு வந்தது. கார் இறக்குமதி இறுகியது. 1977இல் பொருளாதாரம் திறக்கப்படும்வரை புதுக் கார் என்பது பெரும்பாலானோருக்குக் கனவு. வீட்டில் இருந்த மைனரைத்தான் கவனித்துக் கவனித்து ஓட்டினார்கள். அந்தக் காரின் உற்பத்தி 1970களின் தொடக்கத்திலேயே நின்றுவிட்டது. நமது வீதிகளிலோ அது பல தசாப்தங்கள் ஓடியது.

இங்கிலாந்தின் பாத் நகரில் மொரிஸ் மைனர் நிலையம் நடத்திய சார்ள்ஸ் வெயார் என்பவர், புதுக் கார் மாற்றிக்கொண்டே இருப்பதைவிட ஒரே காரை ஒழுங்காகப் பராமரிப்பது இலாபம் என்று வாதிட்டு 1982இல் ஒரு புத்தகமே எழுதினார். பின்னர் அந்தக் காருக்கான பாகங்களைச் செய்ய அவர் தெரிவுசெய்த நாடு இலங்கை. அவர் எழுதிய கொள்கையை நமது கராஜ் பாஸ்மார் ஏற்கெனவே கைவேலையாகச் செய்துகொண்டிருந்தார்கள்!

வரலாறு திரும்பியும் வந்தது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025இல்தான். அந்த ஐந்து வருடங்களில் பழைய வேகன் ஆரும் அல்டோவும் என்ன விலைக்குப் போயின என்று உங்களுக்கே தெரியும். டொலர் இல்லாத நாட்டில் பராமரிப்பும் ஒரு சேமிப்புத்தான்.

இன்றைய கார்களில் கிரீஸ் அடிக்கும் மூட்டுகள் பெரும்பாலும் இல்லை. செய்யும்போதே கிரீஸ் வைத்து மூடிவிடுகிறார்கள். ஒயில் மாற்றும் இடைவெளியும் கூடிவிட்டது. ஆனால் கைநூலைத் திறந்தால், குறுகிய தூர ஓட்டம், வாகன நெரிசல், தூசி உள்ள இடங்களுக்குக் குறைந்த இடைவெளி தனியாகப் போட்டிருப்பதைப் பல கார்களில் காணலாம். நம்மில் பலருடைய ஓட்டம் அந்த வகைதான். பக்கத்து வீட்டுக்காரர் சொல்லும் கணக்கை விட்டுவிட்டு உங்கள் காரின் கைநூலைப் பாருங்கள். கிலோமீற்றர் ஓடாவிட்டாலும் மாதக் கணக்கு உண்டு என்பதையும் மறக்க வேண்டாம்.

மாறாமல் மிச்சமிருப்பவற்றில் முக்கியமானது பிரேக் ஒயில். அது காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும். ஈரம் கூடினால் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். நுவரெலியாவிலிருந்து றம்பொடை வழியாக பிரேக்கை மிதித்தபடியே இறங்கும்போது அந்தச் சூடு வரும். ஒயில் கொதித்தால் குமிழி உண்டாகும், மிதி தரைவரை போகும், வண்டி நிற்காது. பாடசாலை விடுமுறையில் குடும்பத்தோடு மலைநாடு போகிறவர்கள், பிரேக் ஒயிலைக் கடைசியாக எப்போது மாற்றினீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். இறங்கும்போது குறைந்த கியரில் இறங்குங்கள்.

மொடல் டி சாரதி தினமும் குனிந்து பார்த்தார். மைனர்காரர் ஆயிரம் மைலுக்கு ஒருமுறை காருக்கு அடியில் படுத்தார். நம்மிடம் கேட்கப்படுவது வாரத்தில் பத்து நிமிடம்: எஞ்சின் ஒயில், கூலன்ட், பிரேக் ஒயில் அளவு, டயர் காற்று. பிள்ளைகளையும் கூப்பிட்டுக் காட்டிக்கொண்டே செய்யுங்கள்.

உங்கள் வாப்பாவோ அப்பாவோ மைனர் வைத்திருந்தாரா? அவர் காரை எப்படிக் கவனித்தார் என்று கீழே எழுதுங்கள். அதுவும் நமது வரலாறுதான்.