சேமிப்பைப் பிரிப்பதா, கடனை அடைப்பதா? – எங்கள் குழு கடந்து வந்த பாதை

கூட்டமைப்பு மலருக்கு எங்கள் குழுவின் வரலாற்றை எழுதித் தரச் சொன்னார்கள். நான் பத்தாவது வரைதான் படித்தவள். குழு தொடங்கினப்போ நான் சின்னப் பிள்ளை. அதனால என் மாமியார், அதாவது எங்க அத்தை, சொன்னதையும் பழைய தீர்மானப் புத்தகத்தில் இருப்பதையும் வைத்துத்தான் எழுதுகிறேன். எல்லாத்தையும் எழுதினா இந்த மலர் போதாது. எங்க குழு உடைய இருந்து உடையாமல் போன ஒரு கூட்டத்தைப் பற்றி மட்டும் சொல்றேன்.

நம்ம தர்மபுரி மாவட்டத்துக்கு ஒரு பெருமை உண்டு. தமிழ்நாட்டில் அரசுத் திட்டம் மூலமாக மகளிர் குழுக்கள் முதலில் தொடங்கினது இங்கேதான், 1989-ல். 1992-ல் நபார்டு வங்கி, குழுக்களை வங்கியோடு இணைக்கிற திட்டத்தைக் கொண்டு வந்தது. 1997-98-ல் மகளிர் திட்டம் வந்தது. எங்க குழு இதுக்கு நடுவில், 1993-ல் ஆரம்பித்தது. 18 பேர், ஆளுக்கு மாசம் 20 ரூபாய். உள்கடன் கொடுக்கப் பயந்துக்கிட்டு, சேர்ந்ததை எல்லாம் வங்கியிலேயே போட்டு வைத்தார்கள். 3 வருஷத்தில் வங்கி வட்டி போக 12,960 ரூபாய் சேர்ந்தது.

1996-ல் ஒரு மாதக் கூட்டத்தில் மேலத்தெரு அக்கா ஒருத்தர் எழுந்து, "என் பங்கைப் பிரிச்சுக் குடுத்துடுங்க. கடனை அடைக்கணும்" என்று சொன்னாராம். வீட்டுக்காரருக்கு உடம்பு சரியில்லாதப்போ 3,000 ரூபாயை 10 வட்டிக்கு வாங்கியிருக்கார். மாசம் 300 ரூபாய் வட்டி. அப்போ ஒரு நாள் களை வெட்டினா கூலி 20 ரூபாய். மாசத்தில் 15 நாள் உழைப்பு வட்டிக்கே போச்சு, அசல் அப்படியே நின்னுது.

அவர் சொன்னதும் இன்னும் நாலஞ்சு பேர், "எங்களுக்கும் பிரிச்சுக் குடுங்க" என்று எழுந்துட்டாங்க. வேற சிலர், "நாம வயித்தைக் கட்டிச் சேர்த்தது அவங்க கடனுக்கா?" என்று சத்தம் போட்டாங்க. இதில் முதல் ஆளா சத்தம் போட்டது எங்க அத்தைதான். அவங்களே சிரிச்சுக்கிட்டுச் சொல்வாங்க.

அப்போ குழுவில் கணக்கு எழுதினவங்க எட்டாவது படித்தவங்க. அவங்க சிலேட்டை எடுத்து ஒரு கணக்குப் போட்டுக் காட்டினாங்க. 12,960-ஐ 18 பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 720 ரூபாய். "720 ரூபாயில் யாரோட கடன் தீரும்? கடனும் தீராது, குழுவும் இருக்காது" என்று கேட்டாங்க. யாரும் பேசலையாம்.

அடுத்த கணக்கு: பிரிக்காமல் அதே பணத்தை 2 வட்டிக்கு உள்கடனாகக் கொடுத்தால் 3,000 ரூபாய்க்கு முதல் மாச வட்டி 60 ரூபாய்தான். அக்கா இப்போ கட்டுகிற அதே 300 ரூபாயைக் குழுவுக்குக் கட்டினால் மீதி 240 அசலில் கழியும். 12 மாசத்தில் கடனே இருக்காது.

அன்னிக்கு ராத்திரி 10 மணி வரை பேசி எழுதின தீர்மானம் இன்னும் புத்தகத்தில் இருக்கு. அதிக வட்டி கட்டுகிற 3 பேருக்கு முதலில் மொத்தம் 8,500 ரூபாய் கொடுப்பது. மீதியை ஆபத்து அவசரத்துக்கு வங்கியிலேயே விட்டு வைப்பது. கடனைத் திருப்பும்போது உறுப்பினர் 2 பேர் கூடப் போய், புரோநோட்டை வாங்கி வந்து கூட்டத்தில் காட்டுவது. கீழே 18 பேரின் ஒப்பம். அதில் 7 கைநாட்டு.

எல்லாம் நல்லபடியா நடந்ததுன்னு சொல்ல மாட்டேன். மூணு பேரில் ஒருத்தர் வேலைக்கு பெங்களூர் போயிட்டதால 5 மாசம் தவணை வரலை. திரும்பவும் சண்டை. பொங்கலுக்கு ஊருக்கு வந்தப்போ மொத்தமாகக் கட்டிட்டார். மேலத்தெரு அக்கா கணக்குப்படி 12-வது மாசம் முடிச்சார். அடுத்த வரிசையில் உள்கடன் வாங்கி, அடகில் இருந்த தோட்டை மீட்டது யார் தெரியுமா? எங்க அத்தை!

2019-ல் இந்தக் கணக்கு எனக்கே உதவியது. வீட்டுக்காரர் வாங்கின 20,000 ரூபாய்க்கு 5 வட்டி, மாசம் 1,000 போய்க்கிட்டிருந்தது. மகளுக்காக நான் தபால் நிலையத்தில் 15,000 வைத்திருந்தேன். அதைத் தொட மனசே வரலை. அத்தைதான், "அங்க உனக்கு மாசம் ஐம்பது, அறுபது வருது. இங்க ஆயிரம் போகுது. எதைக் காப்பாத்துற?" என்று கேட்டாங்க. ஆனா முழுசா எடுக்காதேன்னும் சொன்னாங்க. 10,000 எடுத்தேன். மீதி 10,000-ஐக் குழுவில் 1 வட்டிக்கு வாங்கி, கடனை அடைச்சேன். வட்டிக்குப் போன அதே 1,000-ஐ குழுவுக்குக் கட்டினேன். 11 மாசத்தில் முடிஞ்சது. நடுவில் மகளுக்குக் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தப்போ, எடுக்காமல் வைத்த 5,000-தான் கை கொடுத்தது. அதையும் எடுத்திருந்தால் திரும்ப வட்டிக்காரர் வாசலுக்குத்தான் போயிருப்பேன்.

2003-ல் கந்துவட்டித் தடைச் சட்டம் வந்தது. ஆனாலும் இன்னிக்கு வாரத் தவணை, தண்டல்னு வேற வேற பேரில் கடன் நம்ம வீட்டுத் திண்ணைக்கே வருது. புதுசா சேர்ந்த தங்கச்சிமார் என்கிட்ட, "சேமிப்பை எடுத்துக் கடனை அடைக்கலாமா அக்கா?" என்று கேட்கிறாங்க. கடன் வட்டி எவ்வளவு, சேமிப்பு வட்டி எவ்வளவு என்று ஒரு தாளில் பக்கத்துப் பக்கத்தில் எழுதிப் பாருங்கன்னு சொல்வேன். சொசைட்டி பயிர்க்கடன் மாதிரி குறைஞ்ச வட்டிக்குச் சேமிப்பை உடைக்க வேண்டாம், தவணைப்படி கட்டினால் போதும். வட்டி தின்கிற கடனை முதலில் அடையுங்க. கையில் கொஞ்சமாவது மிச்சம் வையுங்க. தனியா முடியலைன்னா கூட்டத்தில் வாய் திறந்து சொல்லுங்க.

மேலத்தெரு அக்கா அன்னிக்கு வெட்கப்பட்டுச் சொல்லாமல் இருந்திருந்தால், இந்த வரலாற்றை எழுத எங்களுக்கு ஒரு குழுவே இருந்திருக்காது.