ஹார்வர்டுக்குப் பக்கத்தில் ஒரு குட்டிப் பள்ளி

ராட்கிளிஃப் கல்லூரியில் பட்டம் பெற்ற கேதரின் புரூக்ஸுக்கு நிலவெளி வடிவமைப்பு படிக்க ஆசை. அது 1915-ஆம் ஆண்டு. அந்தப் படிப்புக்கு அமெரிக்காவில் பேர்போன இடம் ஹார்வர்டு. அங்கே பெண்களைச் சேர்ப்பதில்லை. மதிப்பெண் குறைந்தால் அடுத்த வருடம் முட்டி மோதிப் பார்க்கலாம். பெண்ணாகப் பிறந்ததற்கு மறுதேர்வு ஏது?

துறைத் தலைவர் ஜேம்ஸ் ஸ்டர்ஜிஸ் பிரே ஒரு வழி செய்தார். ஹார்வர்டில் கட்டடக்கலை கற்பித்துவந்த இளம் ஆசிரியர் ஹென்றி ஃப்ராஸ்டிடம், அந்தப் பெண்ணுக்குத் தனியாகச் சொல்லிக்கொடுக்கச் சொன்னார். ஃப்ராஸ்டும் நிலவெளி வடிவமைப்பாளர் பிரெமர் பாண்டும் சேர்ந்து நடத்திய அலுவலகத்தில் வரைபலகை போட்டுப் பாடம் தொடங்கியது. விஷயம் கேள்விப்பட்டு இன்னும் சில பெண்கள் வந்தார்கள். கொஞ்ச நாளில் அதுவே கேம்பிரிட்ஜ் பள்ளி என்று பெயர் பெற்றது.

வேறு இடமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் சோஃபியா ஹேடன் 1890-லேயே கட்டடக்கலைப் பட்டம் வாங்கியிருந்தார். தோட்டக்கலையும் நிலவெளி வடிவமைப்பும் படிக்க விரும்பிய பெண்களுக்கு 1901-ல் தொடங்கிய லோதார்ப் பள்ளி இருந்தது. கேம்பிரிட்ஜ் பள்ளி கட்டடக்கலை, நிலவெளி வடிவமைப்பு இரண்டையும் ஒரே கூரையின் கீழ் கற்பித்தது. வீட்டை ஒருவர் வரைய, மரத்தையும் பாதையையும் இன்னொருவர் பிறகு வந்து ஒட்டவைக்கும் பழக்கம் அங்கே எடுபடவில்லை. வெயில் எந்தப் பக்கம் விழுகிறது, மனை எங்கே சரிகிறது என்று பார்த்துத்தான் வாசலை எங்கே வைப்பது என்று முடிவாகும். ஹார்வர்டு இந்தத் துறைகளை ஒரே பள்ளியாக இணைத்தது 1936-ல்தான். அந்த விஷயத்தில் குட்டிப் பள்ளி இருபது வருடம் முந்திக்கொண்டது.

ஆனால் பட்டம் கிடையாது. வெறும் சான்றிதழ். 1930-களில் ஸ்மித் கல்லூரியோடு இணைந்த பிறகே பட்டத்துக்கு வழி பிறந்தது. ஹார்வர்டு ஆசிரியர்களிடமே படித்தும் ஹார்வர்டின் பெயரைப் போட்டுக்கொள்ள முடியாது என்பது அநியாயம்தான். பள்ளியின் பெயரிலேயே ஒரு காலத்தில் 'இல்லக் கட்டடக்கலை' என்ற சொல் ஏறியிருந்தது. பெண்கள் வீடு கட்டினால் போதும் என்ற எண்ணம் அதில் தெரிகிறது.

அந்த எல்லைக்குள்ளேயே எலினோர் ரேமண்ட் செய்ததைப் பார்க்க வேண்டும். 1919-ல் இங்கே படிப்பை முடித்தவர். 1948-ல் மாசசூசெட்ஸின் டோவரில், சிற்பி அமேலியா பீபாடி பணம் போட, விஞ்ஞானி மரியா டெல்கெஸ் வெப்ப முறையை வகுக்க, சூரிய வெப்பத்தாலேயே குளிர்காலத்தைச் சமாளிக்கும் வீட்டை வடிவமைத்தார். தெற்குச் சுவரின் மேல்பகுதி முழுக்கக் கண்ணாடி. அங்கே சூடாகும் காற்றை விசிறிகள் உள்ளே தள்ளும். உள்ளே பீப்பாய்களில் கிளாபர் உப்பு, டன் கணக்கில். சுமார் 32 டிகிரி செல்சியஸில் உப்பு உருகி வெப்பத்தை வாங்கிவைக்கும். குளிர்ந்து உறையும்போது அறைகளுக்குத் திருப்பிக் கொடுக்கும். சில குளிர்காலங்களுக்குப் பிறகு உப்பு அடுக்கடுக்காகப் பிரிந்து, அந்த முறை பயனற்றுப் போனது. இருந்தாலும் வீட்டையும் வெயிலையும் சேர்த்தே கணக்குப் போட்ட அந்த மனம் கேம்பிரிட்ஜ் பள்ளியில் பழகியது என்றே தோன்றுகிறது.

1942-ல் பணமுடையால் பள்ளி மூடப்பட்டது. அதே ஆண்டு, உலகப் போரில் ஆண் மாணவர்கள் குறைந்துபோக, ஹார்வர்டின் வடிவமைப்புப் பள்ளி பெண்களுக்குக் கதவைத் திறந்தது. குட்டிப் பள்ளியின் மாணவிகள் சிலர் அங்கே போய்ப் படிப்பைத் தொடர்ந்தார்கள்.