கை மாறும் லாரிகள்: ஒரகடம் வட்டாரத்தில் பழைய வண்டி வணிகத்தின் வரலாறு

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து சிங்கப்பெருமாள் கோவிலுக்குச் செல்லும் சாலையும், வண்டலூரிலிருந்து வாலாஜாபாத்துக்குச் செல்லும் சாலையும் சந்திக்கும் இடத்தில் அமைந்த ஒரகடமும் அதன் சுற்றுப்புறமும் ஏரிப் பாசனத்தை நம்பி நெல் விளைவித்த ஊர்களால் ஆனவை. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது முதல், 2010இல் ரெனோ–நிசான் ஆலையும் 2012 ஏப்ரலில் டெய்ம்லர் நிறுவனத்தின் பாரத்பென்ஸ் லாரி ஆலையும் ஒரகடத்தில் திறக்கப்பட்டது வரையிலான பதினைந்து ஆண்டுகளுக்குள், அவ்வட்டாரம் நாட்டின் முதன்மையான வாகன உற்பத்தி மையங்களுள் ஒன்றாகிவிட்டது. ஆயினும் அவ்வாலைகள் எழுவதற்கு ஜல்லியும் மண்ணும் செங்கல்லும் சுமந்த லாரிகளிலும், எழுந்த பின் தண்ணீரும் உதிரிப் பாகங்களும் கழிவு இரும்பும் சுமக்கும் லாரிகளிலும் பல, வேறு ஊர்களில் இரண்டு மூன்று உரிமையாளர்களிடம் ஓடிக் களைத்த பின் இங்கு வந்து சேர்ந்தவையே. அவற்றை வாங்குவோரில் பெரும்பாலோர் ஓட்டுநராக இருந்து சொந்த வண்டிக்கு ஆசைப்பட்டவர்கள். அவர்கள் படும் அலைக்கழிப்பைத் தரகரின் பேராசை, விற்பவரின் பொய் என்று மட்டும் விளக்கிவிட முடியாது. பெர்மிட், தட்டுப்பாடு, தவணைக் கடன் ஆகிய மூன்றும் முக்கால் நூற்றாண்டுக்கு மேலாக ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து உருவாக்கிய நிலைமை அது.

இம்மூன்றில் மூத்தது பெர்மிட். வாடகைக்குச் சரக்கு ஏற்றும் வண்டி எந்தப் பகுதிக்குள், எந்த நிபந்தனைகளின்கீழ் ஓடலாம் என அரசு தரும் அனுமதியே இப்பெயரால் வழங்குகிறது. 1930களின் பொருளாதார மந்தத்தில் ரயில்வேயின் வருவாய் குறைந்தபோது சாலைப் போக்குவரத்து அதற்குப் போட்டியாக வளர்வதை ஆராய்ந்த மிட்செல்–கிர்க்னஸ் அறிக்கையும், அதைத் தொடர்ந்த விவாதங்களும் 1939ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்துக்கு வழிவகுத்தன. லாரியின் ஓட்டத்துக்கு எல்லை கட்டிய ஏற்பாடு, அதன் தொடக்கத்திலேயே ரயிலைக் காக்கும் நோக்கத்தையும் சுமந்திருந்தது. அடுத்து வந்த போர்க்காலத்தில் பெட்ரோல் பங்கீட்டுக்கு உள்ளாகி, அடுப்புக்கரியை எரித்து எடுத்த வாயுவால் பேருந்துகளும் லாரிகளும் ஓடின. போர் முடிந்ததும் ராணுவம் கழித்துவிட்ட ஃபோர்டு, செவர்லே, டாட்ஜ் வண்டிகள் விற்பனைக்கு வந்தபோது, சொந்தமாக லாரித் தொழில் தொடங்க நினைத்த பலருக்கு அதுவே முதல் வாய்ப்பாக அமைந்தது. சுதந்திர இந்தியாவின் லாரித் தொழில் பழைய வண்டிகளையும் நம்பியே தொடங்கியது என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

உள்நாட்டு உற்பத்தி வந்த பின்னும் அந்நிலை விரைவில் மாறவில்லை. 1948இல் ஆஸ்டின் கார்களைப் பூட்டுவதற்காகச் சென்னையில் தொடங்கப்பட்ட அசோக் மோட்டார்ஸ், 1950இல் இங்கிலாந்தின் லேலண்ட் நிறுவனத்தோடு உடன்பாடு செய்து, எண்ணூரில் காமெட் சேசிஸ்களைப் பூட்டத் தொடங்கி, 1955இல் அசோக் லேலண்ட் எனப் பெயர் மாற்றிக்கொண்டது. 1954இல் ஜாம்ஷெட்பூரில் டாடா நிறுவனம் ஜெர்மனியின் டெய்ம்லர்–பென்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து லாரி செய்யத் தொடங்கியது. 1969இல் அக்கூட்டு முடிந்த பின்னும் மக்கள் பேச்சில் 'பென்ஸ் லாரி' என்ற பெயர் நிலைத்திருந்தது. அந்த டெய்ம்லர் நிறுவனமே நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்துத் தன் சொந்த முத்திரையோடு ஒரகடத்துக்கு வந்தது. இடைப்பட்ட காலத்தில் எத்தனை வண்டி செய்யலாம் என்பதை உரிமமுறை வரம்பிட்டது. முன்பணம் கட்டியவர்கள் வண்டிக்காகக் காத்திருந்தார்கள். மூன்றில் இரண்டாவதான தட்டுப்பாடு இதுவே. அத்தகைய சந்தையில் பழைய லாரி என்பது மலிவான மாற்று மட்டுமன்று, உடனே கிடைக்கக்கூடிய ஒரே வண்டியும் அதுவே. அதனோடு சேர்ந்து வரும் பெர்மிட்டுக்கும் விலை உண்டு. பல மாநிலங்களில் ஓட உதவும் நேஷனல் பெர்மிட் திட்டம் 1975இல் வந்தபோதும் ஒவ்வொரு மாநிலத்துக்கும் எண்ணிக்கை வரம்பு வைக்கப்பட்டதால், வாங்குபவர் இரும்பை மட்டுமல்லாமல் காகிதத்தையும் விலை பேசும் பழக்கம் உறுதிப்பட்டது.

மூன்றாவதான தவணைக் கடனின் வரலாற்றில் சென்னைக்குத் தனியிடம் உண்டு. 1954இல் டி. எஸ். சந்தானம் நிறுவிய சுந்தரம் ஃபைனான்ஸ், லாரிகளுக்கும் பேருந்துகளுக்கும் வாடகைக் கொள்முதல் முறையில் பணம் தந்தது. வாடகைக் கொள்முதல் என்பது, கடன் தருபவரே சட்டப்படி உரிமையாளராக இருக்க, ஓட்டுபவர் மாதந்தோறும் தவணை செலுத்தி, கடைசித் தவணை முடிந்த பின்னரே வண்டியைத் தனதாக்கிக்கொள்ளும் ஏற்பாடு. இதை முறைப்படுத்த நாடாளுமன்றம் 1972இல் ஒரு சட்டம் இயற்றியபோதும், அது ஒருநாளும் நடைமுறைக்குக் கொண்டுவரப்படாமலேயே 2005இல் நீக்கப்பட்டது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக, சொத்துப் பத்திரமோ கணக்குப் புத்தகமோ இல்லாத ஓட்டுநர்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தங்களுக்குத் தனிச் சட்டக் காப்பு இல்லாமல் போனது சிறிய குறை அன்று. தவணை தவறினால் வண்டியை நடுவழியில் பிடித்துச் செல்லும் 'சீசிங்' என்னும் வழக்கம் அச்சத்துக்குரியதாக வளர்ந்ததற்கு அவ்வெற்றிடமும் ஒரு காரணம் எனக் கொள்ளலாம்.

பழைய லாரிக்கோ அந்தக் கடனும் அரிதாகவே கிடைத்தது. வங்கிகள் விலகி நின்றதால் ஓட்டுநர்கள் கடுவட்டிக்காரர்களையே நாடினர். காப்பீட்டு நிறுவனத்தில் பணியாற்றிய அனுபவம் பெற்றிருந்த ஆர். தியாகராஜன், 1974இல் சீட்டு நிறுவனமாகத் தொடங்கிய ஸ்ரீராம் குழுமத்தின் சார்பில் 1979இல் லாரிக் கடன் நிறுவனத்தை ஏற்படுத்தி, வங்கிகள் நம்பத் தயங்கிய ஓட்டுநர்களையே தன் வாடிக்கையாளர்களாக ஏற்றுக்கொண்டார். கையில் ஆவணம் இல்லாவிட்டாலும், தன் பிழைப்பே அந்த வண்டியில் இருப்பதால் ஓட்டுநர் கடனைத் திருப்பித் தருவார் என்ற கணிப்பு சரியாகவே அமைந்தது. தமிழ்நாட்டின் தொழில் வரலாற்றில் இதற்கு உரிய மதிப்பு இன்னும் தரப்படவில்லை. ஆனால் கடன் எளிதானதோடு, ஒரே லாரிமீது அடுத்தடுத்துக் கடன்களும் ஏறின. ஒவ்வொரு கை மாற்றத்திலும் ஆர்.சி. புத்தகத்தில், அதாவது பதிவுச் சான்றில், ஓர் அடமானக் குறிப்பு ஏறுவதும் நீங்குவதும் வழக்கமாயின.

இவ்வாறு விற்பனைக்கு வரும் வண்டிகளில் பல மேற்கு மாவட்டங்களைச் சேர்ந்தவை. லாரி உரிமையும் பாடி கட்டும் பட்டறைகளும் செழித்த நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி ஆகியவற்றின் பதிவெண்களான டிஎன் 28, 34, 52 ஆகியவற்றைத் தாங்கிய வண்டிகள் காஞ்சிபுரத்தின் டிஎன் 21 எல்லைக்குள் வந்து சேர்வதற்குச் சட்டமே ஒரு காரணம். மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, 12 ஆண்டுகளைக் கடந்த சாதாரண லாரிக்கும், 15 ஆண்டுகளைக் கடந்த பல அச்சு லாரிக்கும் நேஷனல் பெர்மிட் கிடையாது. வயது வரம்பை நெருங்கும் லாரி நெடுந்தூர ஓட்டத்தில் பயன்படாததால் அதன் விலை சரிகிறது. மாநிலத்துக்குள் குறுந்தூரம் ஓடினால் போதும் என்பவர் அதைத் தேடுகிறார். சிப்காட் தொழிற்பூங்காக்களுக்காக மனை சமன்செய்யப்பட்டு, சாலைகள் அகலமாகி, தொழிலாளர் குடியிருப்புகள் பெருகிய இவ்வட்டாரம், உத்திரமேரூர் பக்கத்துக் கல்குவாரிகளுக்கும் கட்டடம் எழும் மனைகளுக்கும் இடையே ஓடும் டிப்பர்களுக்கும், குழாய் நீர் எட்டாத இடங்களுக்குச் செல்லும் தண்ணீர் லாரிகளுக்கும் ஓயாத வேலை தந்தது. நிலத்துக்கு இழப்பீடு பெற்ற குடும்பங்களிலும் சில, அப்பணத்தை டிப்பரிலோ ஆட்களை ஏற்றும் வேனிலோ போட்டன. 2005இல் வந்து 'குட்டி யானை' எனப் பெயர்பெற்ற டாடா ஏஸ், லாரி வாங்க முடியாதவர்களுக்கும் இத்தொழிலின் கதவைத் திறந்தது.

வாங்கும் நாளில் ஆராய வேண்டியவை இரண்டு: இரும்பு, காகிதம். இரும்பை ஆராய்வதற்குப் பழகிய மெக்கானிக் ஒருவர் போதும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது இயக்கச் சொல்லி, ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து புகை வருகிறதா என அவர் பார்ப்பார். புதுப் பெயிண்டுக்கு அடியில் சேசிஸ் விரிசலை மறைத்து வைத்த வெல்டிங்கைத் தடவிக் கண்டுபிடிப்பார். அளவுக்கு மீறிய பாரத்துக்காகப் பின்னால் கூடுதல் ஸ்பிரிங் பட்டா சேர்க்கப்பட்டிருந்தால் வண்டி எப்படி ஓட்டப்பட்டது என்பதை அதிலிருந்தே சொல்லிவிடுவார். ஓடிய தூரத்தைக் காட்டும் மீட்டரை அவர் பெரும்பாலும் பார்ப்பதே இல்லை. எஃப்.சி. எனப்படும் தகுதிச் சான்றையும் முழுமையாக நம்ப இயலாது. சான்றுக்காக மட்டும் நல்ல டயரை மாட்டிக் காட்டிவிட்டுப் பின்னர் கழற்றிவிடும் வழக்கம் இத்தொழிலில் உள்ள எவருக்கும் தெரியும். எஃப்.சி. நெருங்கும் லாரியை வாங்கியவர், டிங்கர் வேலை, பெயிண்ட், பிரேக், விளக்கு, ஒளிரும் பட்டை என்று பட்டறையில் நிறுத்தும் நாள்களில் வருமானம் இன்றியே தவணை கட்ட வேண்டியிருக்கிறது. வீட்டு நகை அடகுக் கடைக்குப் போவது பெரும்பாலும் அந்நாள்களில்தான்.

காகிதத்தின் சிக்கல் இதைவிட ஆழமானது. வண்டியை மாற்றித் தர 29, 30 ஆகிய எண்களுள்ள படிவங்களும், அடமானக் குறிப்பை நீக்கக் கடன் தந்தவரின் ஒப்பத்தோடு 35ஆம் எண் படிவமும், வேறு பதிவு எல்லைக்குக் கொண்டுசெல்ல ஆட்சேபணையின்மைச் சான்றும் வேண்டும். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாள்களுக்குள்ளும் வாங்கியவர் 30 நாள்களுக்குள்ளும் பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. நடைமுறையிலோ, விற்றவரின் கையெழுத்து மட்டும் இடப்பட்டு மற்ற இடங்கள் நிரப்பப்படாத படிவங்களோடு லாரி தரகர் கைக்குப் போய், அவரிடமிருந்து இன்னொருவர் கைக்கும் போய்விடுகிறது. பழைய தவணை முடியாமலேயே விற்கப்பட்ட லாரியில், புதியவர் கட்டும் பணம் பழையவர் பெயரிலேயே வரவாகிறது. வரிச்சுமை குறைவு என்பதற்காக நாகாலாந்தில் பதிவான கார் கேரியர்களையும் கண்டெய்னர் லாரிகளையும் இச்சாலைகளில் எவரும் காணலாம். அத்தகைய வண்டி ஒன்றைக் காஞ்சிபுரத்து ஓட்டுநர் வாங்கினால், அவருடைய காகிதம் நாட்டின் மறுகோடியிலிருந்து வர வேண்டும்.

இத்தாமதத்தின் விலையை நீதிமன்றங்கள் தெளிவாகவே சொல்லியிருக்கின்றன. பல கை மாறியும் பெயர் மாற்றப்படாத கார் ஒன்று ஏற்படுத்திய விபத்து குறித்த நவீன் குமார் வழக்கில், பதிவேட்டில் பெயர் உள்ளவரே சட்டத்தின் கண்ணில் உரிமையாளர், இழப்பீட்டுக்கும் அவரே பொறுப்பு என 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வாங்கியவருக்கும் இழப்பு உண்டு. வண்டி கை மாறும்போது மூன்றாம் நபருக்கான காப்பீடு தானாகவே புதியவருக்கு மாறினாலும், வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கான காப்பீடு அவ்வாறு மாறாது என்பதை அதே நீதிமன்றம் 1995இலேயே கூறிவிட்டது. தன் உழைப்பு முழுவதையும் போட்டு வாங்கிய லாரி கவிழ்ந்து கிடக்கும்போது, காப்பீடு இன்னொருவர் பெயரில் இருப்பதை அறியும் ஓட்டுநரின் நிலையைச் சட்டப் புத்தகம் விவரிப்பதில்லை.

அண்மை ஆண்டுகளின் கொள்கை மாற்றங்கள் பழைய லாரியின் விலையை மேலும் நிலையற்றதாக்கின. 2018இல் மத்திய அரசு இரண்டு அச்சு லாரியின் மொத்த எடை வரம்பை 16.2 டன்னிலிருந்து 18.5 டன்னாகவும், மூன்று அச்சு லாரிக்கு 25 டன்னிலிருந்து 28.5 டன்னாகவும் உயர்த்தியது. அதே லாரிகள் கூடுதல் சரக்கை ஏற்ற முடிந்ததால் வாடகைச் சந்தையில் வண்டிகள் மிகுந்தன. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 புகை அளவுகோல் வந்தபோது புதிய லாரியின் விலை உயர்ந்ததால், முந்தைய தலைமுறை வண்டிகளைத் தேடி வந்தவர்கள் கூடினர். 2022 ஏப்ரலிலிருந்து, 15 ஆண்டுகளைக் கடந்த கனரக வாகனத்துக்கான தகுதிச் சான்றின் கட்டணம் 1,500 ரூபாயிலிருந்து 12,500 ரூபாயாக உயரும் என அறிவிக்கப்பட்டது. பழைய வண்டிகளைச் சாலையிலிருந்து அகற்றும் நோக்கம் நியாயமானதுதான். காற்றின் தூய்மைக்கு அது தேவை. ஆனால் அச்சுமை, அந்த லாரியைப் புதிதாக வாங்கிப் பத்தாண்டுகள் லாபம் பார்த்த முதல் உரிமையாளர்மீது விழாமல், கடைசியாக வாங்கிய ஏழை ஓட்டுநர்மீதே விழுகிறது என்பதைக் கொள்கை வகுத்தோர் போதிய அளவு கருதவில்லை.

2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, பழைய வாகன வணிகர் பதிவு அதிகாரியிடம் அங்கீகாரம் பெற வேண்டும். உரிமையாளர் வண்டியை அவரிடம் ஒப்படைத்ததும் அதைப் பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். வண்டி அவர் கையில் இருக்கும் வரை அவரே உரிமையாளராகக் கருதப்படுவார். காலியான படிவங்களோடு லாரி கை மாறும் பழக்கத்தை நேராகத் தொடும் முதல் விதி இது எனலாம். பட்டறை வாசலிலும் தேநீர்க் கடையிலும் அங்கீகாரம் பெறாத தரகரின் வாய்ச்சொல்லில் முடியும் விற்பனைகளையும் அது எட்டினாலொழிய இவ்வட்டாரத்து ஓட்டுநர்களுக்குப் பயன் விளையாது. அதுவரை, அடமானக் குறிப்பு நீங்கி ஆர்.சி. புத்தகத்தில் தம் பெயர் ஏறும் முன் முழுத் தொகையையும் கொடுத்துவிட வேண்டாம் என்று வாங்குவோரும், பெயர் மாறியதை உறுதிசெய்யாமல் வண்டியை மறந்துவிட வேண்டாம் என்று விற்போரும் நினைவில் கொள்ள வேண்டும்.