செத்த காலேஜும் உயிர் காலேஜும்

பெரிய பரீட்சை முடிந்து லீவு விட்டால் எங்கள் வீட்டில் ஒரே கேள்விதான்: "அப்பா, எப்போ காலேஜுக்குப் போறோம்?" படிக்கிற காலேஜ் இல்லை. எழும்பூர் மியூசியம் செத்த காலேஜ், சென்ட்ரல் பக்கத்து மிருகக் காட்சிசாலை உயிர் காலேஜ். என் வயதுக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

குரோம்பேட்டையிலிருந்து எலெக்ட்ரிக் டிரெயின் ஏறி எழும்பூரில் இறங்குவோம். மூத்தவன் இரண்டாம் வகுப்பு, சின்னவளுக்கு ஐந்து வயது. மனைவி விடியற்காலையிலேயே எழுந்து புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிவிடுவாள். தண்ணீர் கூஜா என் தோளில். முதலில் செத்த காலேஜ். பாடம் செய்த மிருகங்களையும் திமிங்கில எலும்புக்கூட்டையும் பார்த்ததும் பிள்ளைகள் "போலாம், போலாம்" என்று இழுப்பார்கள். அமராவதிச் சிற்பங்கள் முன் நான் ஐந்து நிமிஷம் நின்றதே பெரிய விஷயம். பிறகு மறுபடி டிரெயின், அடுத்த ஸ்டேஷனான பார்க்கில் இறங்கினால் உயிர் காலேஜ்.

இரண்டுக்கும் காலேஜ் என்று ஏன் பெயர்? அப்போது நான் யோசித்ததே இல்லை. ரிட்டயர் ஆன பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். கம்பெனி உத்தியோகத்துக்கு வரும் வெள்ளைக்கார இளைஞர்களுக்குத் தமிழும் தெலுங்கும் கற்பிக்க 1812-ல் ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி தொடங்கப்பட்டது. திருக்குறளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த எல்லிஸ் துரைதான் அதற்கு மூலகாரணர். நுங்கம்பாக்கத்தில் இன்றும் காலேஜ் ரோடு என்கிறோமே, அது இந்தக் காலேஜின் பெயர்தான். 1851-ல் மியூசியம் பிறந்தது அந்தக் கட்டடத்தின் மாடியில். சில ஆண்டுகளில் அது எழும்பூர் பாந்தியன் கட்டடத்துக்கு மாறிவிட்டது. ஆனால் "காலேஜுக்குப் போய்ப் பார்த்துட்டு வந்தேன்" என்று சொல்லிப் பழகிய ஜனங்கள் பெயரையும் கூடவே எடுத்துப் போய்விட்டார்கள் என்பார்கள். எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது.

இன்னொரு விஷயம் எனக்கு வியப்பாக இருந்தது. உயிர் காலேஜ் பிறந்ததே செத்த காலேஜில்தான். மியூசியத்தின் முதல் பொறுப்பாளர் எட்வர்ட் பால்ஃபர் ஒரு டாக்டர். மியூசியத்தில் உயிரோடு ஒரு புலியையும் சிறுத்தையையும் வைத்துப் பார்த்தார். கூட்டம் அலைமோதியது. கர்நாடக நவாப் வளர்த்த மிருகங்களையும் கேட்டு வாங்கி 1855-ல் மியூசிய வளாகத்திலேயே மிருகக் காட்சிசாலை ஆரம்பித்தார். அங்கே இடம் போதாமல், கவர்னர் டிரெவெல்யன் முயற்சியில் உருவான பீப்பிள்ஸ் பார்க்குக்கு 1860-களின் தொடக்கத்தில் அது போய்ச் சேர்ந்தது. (வருமான வரி கூடாது என்று கல்கத்தா மேலிடத்தைப் பகிரங்கமாக எதிர்த்துப் பதவி இழந்த கவர்னர் இவர். அதற்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும்.) பார்க் ஸ்டேஷன் என்ற பெயரில் இருப்பதும் அந்தப் பார்க்தான்.

மிருகங்களைப் பார்த்து முடித்து, மர நிழலில் சாப்பிட்டுவிட்டு, கடைசியாக மூர் மார்க்கெட். 1900-ல் திறந்த சிவப்புக் கட்டடம். பழைய புத்தகம், கிராமபோன் தட்டு, லவ்பேர்ட்ஸ், பொம்மை... கேட்டது கிடைக்கும், கேட்காததும் கிடைக்கும். பேரம் பேசத் தெரியாதவன் அங்கே நுழையக் கூடாது.

1984 லீவில் சின்னவள் ஒரு கடையில் நின்றுவிட்டாள். சாவி கொடுத்தால் தாளம் தட்டும் தகரக் குரங்கு. கடைக்காரர் முப்பத்தைந்து ரூபாய் என்றார். நான் பதினைந்து என்றேன். "இருபத்தெட்டுக்குக் கீழே கட்டாது சார்." வழக்கம்போல வேண்டாம் என்று நடந்தேன். பத்தடி போனால் கூப்பிடுவார்கள், அதுதான் மூர் மார்க்கெட் சட்டம். அன்று கூப்பிடவில்லை. திரும்பிப் போக எனக்குக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. அவள் அழவில்லை. "அடுத்த லீவுல வாங்கித் தரேன்" என்றேன், தலையாட்டினாள்.

மறு வருஷம் மே மாதம் ஞாபகமாகக் கேட்டாள். மாதக் கடைசி. "சம்பளம் வரட்டும், ரெண்டாம் தேதி ஞாயித்துக்கிழமை போலாம்" என்றேன். மே 30, வியாழக்கிழமை, மூர் மார்க்கெட் எரிந்துபோனது. பேப்பரில் படம் பார்த்துவிட்டு அதை மடித்து அலமாரி மேல் வைத்தேன். அவள் அதற்குள் பார்த்துவிட்டிருந்தாள். "அந்தக் குரங்கும் எரிஞ்சிருக்குமாப்பா?" என்று மட்டும் கேட்டாள். யாராவது வாங்கியிருப்பார்கள் என்று சொன்னேன்.

அதே ஜூலையில் வண்டலூரில் புதுப் பூங்காவை எம்.ஜி.ஆர். திறந்து வைத்தார். எங்களுக்கு ரொம்பக் கிட்டே. ஆயிரம் ஏக்கருக்கு மேல் காடு, கூண்டுக்குப் பதிலாக அகழி, மிருகங்களுக்கு நிம்மதி. என் பிள்ளைகளுக்குத்தான் குறை: "புலி எங்கேயோ படுத்திருக்கு, தெரியவே மாட்டேங்குது." பழைய இடத்தில் கம்பிக்கு அந்தப் பக்கம் புலி மூச்சு விடுவது கேட்கும். அது அங்கும் இங்கும் நடந்துகொண்டே இருந்தது எதனால் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

மார்க்கெட் நின்ற இடத்தில் இப்போது புறநகர் ரயில் நிலையம். போன லீவில் மகள், பேரனோடு அங்கே நின்றிருந்தேன். பலகையை எழுத்துக் கூட்டிப் படித்த பேரன், "மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸ்னு போட்டிருக்கே, மார்க்கெட் எங்க தாத்தா?" என்றான்.

மகள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். "கேளு, தாத்தாகிட்ட நல்லாக் கேளு. எனக்கு ஒரு குரங்கு பாக்கி இருக்கு."